'ஃப்ரீ' டேட்டாபேஸ் எதுவரை ஃப்ரீ? ராத்திரி பேக்கப்பை யார் ஓட்டுவது? லைசென்ஸும் பின்னணியில் ஓடும் புரோகிராம்களும் - முழு விளக்கம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், வேளச்சேரி என தென் சென்னைப் புறநகரில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும், எந்த ஸ்கேன் சென்டரில் டோக்கன் வாங்கினாலும், மேசைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். பில் போடும் திரை கண்ணுக்குத் தெரியும். அந்த பில்லை வாங்கி வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸ் மென்பொருள் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத் தனி ஜன்னல் கிடையாது, ஐகான் கிடையாது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது பாட்டுக்குப் பின்னணியில் எழுந்து வேலையைத் தொடங்கிவிடும்.

"இது ஃப்ரீ வெர்ஷன்தான் சார், இதுக்குக் காசு எதுவும் கட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலும் மென்பொருள் போட்டுக்கொடுத்தவர் போயிருப்பார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. எதற்கு ஃப்ரீ, எந்த அளவு வரை ஃப்ரீ, கடையைப் பூட்டிய பிறகு ஓட வேண்டிய வேலைகளை யார் ஓட்டுவது என்பதெல்லாம் லைசென்ஸில்தான் எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் 'ஐ அக்ரி' பட்டனைத் தட்டியவர்களுக்கு, கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும் நாளில்தான் விஷயம் தெரியவரும்.

டேட்டாபேஸ் எங்கே ஓடுகிறது?

இந்தச் செய்தியைப் படிக்கும் செல்போனிலேயே ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. பெயர் எஸ்க்யூலைட். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கான்டாக்ட், மெசேஜ் போன்றவற்றைச் சேமிக்கப் பயன்படுவது இதுதான். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் உருவாக்கிய இந்த மென்பொருளை 'பப்ளிக் டொமைன்' ஆக, அதாவது பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். எஸ்க்யூலைட்டுக்குத் தனியாக ஒரு சர்வர் ஓட வேண்டியதில்லை. ஆப்புக்குள்ளேயே அது அடங்கிவிடும்.

பத்து பேர் ஒரே நேரத்தில் பில் போடும் இடத்துக்கு இது போதாது. அங்கே மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் போன்றவை வருகின்றன. இவை பின்னணியில் தொடர்ந்து ஓடும் புரோகிராம்கள். விண்டோஸில் இவற்றை 'சர்வீஸ்' என்பார்கள், லினக்ஸில் 'டீமன்'. அதுவும் ஒரே புரோகிராமாக ஓடுவதில்லை. போஸ்ட்கிரெஸ் ஓடும் லினக்ஸ் சர்வரில் 'பிஎஸ்' கட்டளை கொடுத்துப் பார்த்தால், டிஸ்க்கில் எழுத ஒன்று, நீக்கப்பட்ட வரிகளைக் கூட்டிப் பெருக்க ஒன்று, உள்ளே வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒன்று என்று ஒரு வரிசையே தெரியும். போஸ்ட்கிரெஸ்ஸின் லைசென்ஸ் இவை அனைத்தையும் காசில்லாமல் ஓட்ட அனுமதிக்கிறது. எல்லா டேட்டாபேஸும் அப்படி அல்ல.

'எக்ஸ்பிரஸ்' பதிப்பில் என்ன இல்லை?

சின்னக் கடைகளின் பில்லிங் மென்பொருள்களுக்கு அடியில் அடிக்கடி இருப்பது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பு. தொழிலுக்கே இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. 2025 பதிப்பில்தான் அதை 50 ஜிபியாக உயர்த்தினார்கள். சர்வரில் எத்தனை கோர் இருந்தாலும் அதிகபட்சம் 4 கோர்தான் எடுத்துக்கொள்ளும். 32 ஜிபி ராம் போட்டாலும் டேட்டாவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள சுமார் 1.4 ஜிபிதான் பயன்படுத்தும்.

10 ஜிபி என்பது ஒரு மளிகைக்கடைக்குப் பல வருடம் தாங்கும். ஆனால் ரிப்போர்ட்டுகளை பிடிஎஃப் ஆக டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டு வைக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சீக்கிரமே நிரம்பிவிடும். நிரம்பிய அன்று மெதுவாக ஓடுவதெல்லாம் இல்லை, புதிய வரி எதையும் அது ஏற்காது. கவுன்டரில் ஆட்கள் நிற்கும்போது திரையில் எர்ரர் வரும்.

இதைவிட முக்கியமான ஒன்று பலருக்கும் தெரியாது. எஸ்க்யூஎல் சர்வரில் 'ஏஜென்ட்' என்று ஒரு பின்னணி சர்வீஸ் உண்டு. ராத்திரி 11 மணிக்கு பேக்கப் எடு, ஞாயிற்றுக்கிழமை இண்டெக்ஸைச் சரிசெய் என்று நேரம் குறித்து வைத்தால் அது பார்த்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் இந்த ஏஜென்ட் வரும். எக்ஸ்பிரஸில் வராது.

ஆக, "ராத்திரி பேக்கப் ஓடுதா அண்ணே?" என்று கேட்டால், "அதெல்லாம் சாஃப்ட்வேரே எடுத்துக்கும் தம்பி" என்று வரும் பதில் எக்ஸ்பிரஸைப் பொறுத்தவரை தப்பு. யாராவது தனியாக ஏற்பாடு செய்திருந்தால்தான் பேக்கப் ஓடும். ஏற்பாடு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற கட்டளைவரிக் கருவியில் பேக்கப் கட்டளையை ஒரு சின்னக் கோப்பாக எழுதி, விண்டோஸின் 'டாஸ்க் ஷெட்யூலர்' வழியாக தினமும் ஓடவிட வேண்டும். அந்த டாஸ்க்கில், யாரும் லாகின் செய்யாமல் இருந்தாலும் ஓட வேண்டும் என்ற தேர்வையும் மறக்காமல் டிக் செய்ய வேண்டும். இல்லையென்றால் கடை ஊழியர் லாக்-ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்குப் போன இரவெல்லாம் பேக்கப் நடக்காது. கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டுப் போகும் கடையில் ராத்திரி 11 மணி என்று குறித்து வைப்பதிலும் அர்த்தமில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆரக்கிள்: டவுன்லோட் இலவசம், ஓட்டினால் பில்

ஆரக்கிளின் என்டர்பிரைஸ் பதிப்பை யார் வேண்டுமானாலும் அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். சீரியல் நம்பர் கேட்காது, பூட்டு எதுவும் இருக்காது. அதனால்தான் வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் பயிற்சி மையங்களில் படித்து வெளியே வரும் பலர் அதை இலவச மென்பொருள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இறக்குவதற்கான அனுமதி கற்க, உருவாக்க, சோதிக்க, செய்து காட்ட மட்டும்தான். உண்மையான வாடிக்கையாளரின் உண்மையான கணக்கை அதில் ஏற்றிய நிமிடமே தனி லைசென்ஸ் தேவை.

விலை? பட்டியல் விலைப்படி என்டர்பிரைஸ் பதிப்பு ஒரு பிராசஸருக்கு 47,500 டாலர். இன்டெல் சிப் என்றால் இரண்டு கோர் சேர்ந்து ஒரு பிராசஸர் என்று கணக்கு. 16 கோர் சர்வர் என்றால் 8 பிராசஸர், 3,80,000 டாலர். ரூபாயில் மூன்று கோடியைத் தாண்டும். அதற்கு மேல் ஆண்டுதோறும் 22 சதவீதம் பராமரிப்புக் கட்டணம். பெரிய நிறுவனங்கள் பேரம் பேசிக் குறைப்பது வழக்கம் என்றாலும் பேரம் இங்கிருந்துதான் தொடங்கும்.

பிராசஸரை எண்ணும் விதியில் ஒரு சொற்றொடர் கவனிக்க வேண்டியது. மென்பொருள் 'நிறுவப்பட்டிருக்கும் அல்லது ஓடும்' எல்லா பிராசஸரும் கணக்கில் வரும். "அது பழைய சர்வர் சார், யாரும் தொடறதே இல்ல" என்பது பதிலாகாது. யாரோ ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன்னால் சோதனைக்காகத் தொடங்கிவிட்டு மறந்துபோன டேட்டாபேஸ், பின்னணியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கணக்குதான். நிறுத்தி வைத்து, நீக்காமல் விட்டிருந்தாலும் கணக்குதான்.

இதைவிட நுணுக்கமானது 'டயக்னாஸ்டிக்ஸ் பேக்' விவகாரம். என்டர்பிரைஸ் பதிப்பில் ஒரு பின்னணி புரோகிராம் வழக்கமாக மணிக்கு ஒரு முறை டேட்டாபேஸின் நாடித்துடிப்பைக் குறித்து வைக்கும். எந்தக் கேள்வி மெதுவாக ஓடியது, எங்கே நெரிசல் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் குறிப்பிலிருந்து ஏடபிள்யூஆர் ரிப்போர்ட் எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் போதும். ஸ்கிரிப்ட் மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் அந்த ரிப்போர்ட்டைப் பயன்படுத்தத் தனி லைசென்ஸ் வேண்டும். பட்டியல் விலை பிராசஸருக்கு 7,500 டாலர். அதே 16 கோர் சர்வருக்கு 60,000 டாலர்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான ஒரு இளைஞர், "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, என்னன்னு பாரு" என்று மேலாளர் சொன்னதற்காக ரிப்போர்ட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் எந்த வசதி எப்போது பயன்படுத்தப்பட்டது என்று டேட்டாபேஸே தனக்குள் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்கிறது. தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். இந்த வசதியை அணைத்து வைக்க ஒரு செட்டிங் உண்டு. அது என்டர்பிரைஸ் பதிப்பில் ஆன் நிலையிலேயே வருகிறது. லைசென்ஸ் வாங்காத நிறுவனம் முதல் நாளே அதை மாற்றிவிட வேண்டும்.

உண்மையிலேயே இலவசமாக ஆரக்கிள் வேண்டும் என்பவர்களுக்கு 'ஃப்ரீ' என்ற பெயரிலேயே ஒரு பதிப்பு இருக்கிறது. 12 ஜிபி டேட்டா, 2 ஜிபி ராம், 2 சிபியு த்ரெட். படிப்பதற்குத் தாராளம்.

மைஎஸ்க்யூஎல்: சொந்தத்துக்கு ஒன்று, விற்பனைக்கு வேறு

இங்கேதான் சின்ன மென்பொருள் நிறுவனங்கள் அதிகம் குழம்புகின்றன. மைஎஸ்க்யூஎல் இரண்டு லைசென்ஸில் கிடைக்கிறது. ஒன்று ஜிபிஎல் என்ற கட்டற்ற லைசென்ஸ், மற்றொன்று காசு கொடுத்து வாங்கும் வணிக லைசென்ஸ். ஒரு நிறுவனம் தன் சொந்த சர்வரில் மைஎஸ்க்யூஎல் போட்டு, அதன்மேல் ஒரு வெப்சைட் நடத்தினால் ஜிபிஎல் போதும், யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம். ஆனால் அதே மைஎஸ்க்யூஎல்லைத் தன்னுடைய மூடிய மென்பொருளோடு ஒரே பொட்டலமாகக் கட்டி வாடிக்கையாளருக்கு விற்றால் கதை மாறுகிறது. ஜிபிஎல் மென்பொருளோடு பிணைத்து விநியோகிக்கும்போது தன் சோர்ஸ் கோடையும் தர வேண்டியிருக்கும், அல்லது வணிக லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. ஜிபிஎல்லில் விதி கடுமையாவது விநியோகிக்கும்போதுதான், பயன்படுத்தும்போது அல்ல.

மைஎஸ்க்யூஎல்லின் உரிமை கைமாறிய கதையும் இதோடு சேர்ந்தது. 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கி முடித்தது. கட்டற்ற டேட்டாபேஸ், கட்டண டேட்டாபேஸ் விற்பவரின் கைக்குப் போனதை விரும்பாத மைக்கேல் வைடெனியஸ், மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவர், அதே கோடிலிருந்து மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கினார். மூத்த மகள் பெயர் மை, இளைய மகள் பெயர் மரியா. இரண்டு டேட்டாபேஸுக்கும் மகள்கள் பெயர்தான். மரியாடிபியோடு பேச உதவும் சி மொழி இணைப்பு நூலகம் எல்ஜிபிஎல் என்ற தளர்வான லைசென்ஸில் வருவதால், மூடிய மென்பொருள் விற்பவர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள்.

ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரிக்கு அருகே இயங்கும் ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் பொருட்கள் இதற்கு நல்ல உதாரணம். வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் நிறுவும்போதே டேட்டாபேஸும் கூடவே இறங்கிவிடும் வகையைச் சேர்ந்தவை அவை. முன்பு அவற்றில் பலவற்றோடு மைஎஸ்க்யூஎல் சேர்ந்து வந்தது. பிந்தைய பதிப்புகளில் போஸ்ட்கிரெஸ் சேர்ந்து வருகிறது. பழைய வாடிக்கையாளர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டேட்டாவை மாற்றிக்கொள்ள வழிமுறையும் கொடுக்கப்பட்டது. போஸ்ட்கிரெஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986-ல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய திட்டத்தின் வாரிசு. காப்புரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும், பொட்டலம் கட்டி விற்கவும் தடையில்லை. புதிதாகத் தொடங்கும் ஒரு தாம்பரம் நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் இடத்தில் நிறுவிக் கொடுக்கும் தொழில் என்றால், போஸ்ட்கிரெஸ்தான் தலைவலி குறைவானது.

லினக்ஸ் சர்வர்: கட்டளை கொடுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்?

காசு கொடுக்காத டேட்டாபேஸில் பின்னணி வேலைகளைக் கட்டளைவரி வழியாகத்தான் பெரும்பாலும் ஓட்ட வேண்டியிருக்கும். இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

பல்லாவரத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவர், செல்போன் ஹாட்ஸ்பாட்டில் அலுவலக சர்வருக்குள் நுழைந்து, 40 ஜிபி டேட்டாபேஸை பேக்கப் எடுக்கும் கட்டளையைத் தட்டுகிறார். மூன்று மணி நேரம் ஓடும். இரண்டாவது மணி நேரத்தில் சிக்னல் போகிறது. பேக்கப்பும் போகிறது.

காரணம் பழைய டெலிபோன் காலத்தது. அன்று சர்வரோடு பேச மோடம் வழியாக டயல் செய்வார்கள். லைன் துண்டானால் மறுமுனையில் யாரும் இல்லை என்று அர்த்தம். ஆகவே அந்த இணைப்பில் ஓடும் புரோகிராம்களுக்கு 'ஹேங்-அப்' என்ற சிக்னல் போகும், அவை நின்றுவிடும். மோடம் போய்விட்டது, அந்த வழக்கம் போகவில்லை.

கட்டளையின் கடைசியில் & குறி போட்டால் அது பின்னணிக்குப் போகும், திரை அடுத்த கட்டளைக்குத் தயாராகும். நிறைய பேர் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். & குறி ஹேங்-அப் சிக்னலிலிருந்து காப்பாற்றாது. முறையாக 'எக்ஸிட்' கொடுத்து வெளியே வந்தால் வழக்கமான பாஷ் ஷெல்லில் அந்த வேலை தொடரலாம். இணைப்பு அறுந்தாலோ ஜன்னலை மூடினாலோ நின்றுபோகும். அதனால்தான் "நேத்து ஓடுச்சே, இன்னைக்கு ஏன் நின்னுடுச்சு?" என்ற குழப்பம் வருகிறது.

கட்டளைக்கு முன்னால் 'நோஹப்' சேர்த்தால் அந்த சிக்னலை அது கண்டுகொள்ளாது. திரையில் வர வேண்டியதை 'நோஹப்' பெயரிலேயே ஒரு கோப்பில் எழுதி வைக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையை என்ன செய்வது? கன்ட்ரோல் இசட் அழுத்தினால் அது உறைந்து நிற்கும், 'பிஜி' கொடுத்தால் பின்னணியில் மறுபடி நகரும், 'டிஸ்ஓன்' கொடுத்தால் ஷெல் அதைத் தலைமுழுகிவிடும், அதாவது கிளம்பும்போது சிக்னல் அனுப்பாது. இன்னும் வசதி 'டீமக்ஸ்' அல்லது 'ஸ்கிரீன்'. திரையையே சர்வரில் விட்டுவிட்டு வரலாம், தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி மறுபடி இணைந்தால் விட்ட இடத்தில் இருக்கும்.

இன்னொரு பொறி பாஸ்வேர்ட். பின்னணிக்கு அனுப்பிய கட்டளை பாஸ்வேர்ட் கேட்க ஆரம்பித்தால், அதனால் கீபோர்டைப் படிக்க முடியாது. லினக்ஸ் அதை அப்படியே நிறுத்தி வைத்துவிடும். 'ஜாப்ஸ்' கொடுத்துப் பார்த்தால் 'ஸ்டாப்டு' என்று நிற்கும். காலையில் வந்து பார்த்தால் பேக்கப் கோப்பு இருக்கும், அளவு பூஜ்யம். இதற்காக பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதுவது அதைவிட மோசம். கட்டளை வரலாற்றில் அது பதிந்துவிடும், அதே சர்வரில் இருக்கும் மற்றவர்கள் 'பிஎஸ்' கொடுத்தால் கண்ணில் படவும் வாய்ப்புண்டு. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டுக்கும் பாஸ்வேர்டைத் தனிக் கோப்பில் வைக்கும் வழி இருக்கிறது. அந்தக் கோப்பை உரிமையாளர் மட்டும் படிக்கும்படி பூட்ட வேண்டும். லினக்ஸில் மற்றவர்களும் படிக்கும்படி விட்டிருந்தால் போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பைத் தொடவே தொடாது.

இவையெல்லாம் ஒரு முறை ஓட்டும் வேலைக்கு. டேட்டாபேஸ் சர்வரையே நோஹப் போட்டு ஓட்டுவது கூடாது. மின்சாரம் போய் சர்வர் மறுபடி ஆன் ஆகும்போது அதை யாரும் தொடங்க மாட்டார்கள். 'சிஸ்டம்டி' சர்வீஸாகப் பதிவு செய்தால் தானாக எழும், விழுந்தால் தூக்கி நிறுத்தும்படியும் சொல்லி வைக்கலாம். தினசரி பேக்கப்புக்கு 'கிரான்'. கையால் ஓட்டினால் சரியாக ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் மட்டும் தோற்பது சகஜம். கிரானுக்கு புரோகிராம்கள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன என்ற பட்டியல் மிகச் சுருக்கமாகத்தான் தெரியும் என்பதே காரணம். முழுப் பாதையையும் எழுதிவிட்டால் தீர்ந்தது.

பெரிய நிறுவனங்களுக்கும் நடக்கிறதா?

நடந்திருக்கிறது. உலகெங்கும் மென்பொருளாளர்கள் பயன்படுத்தும் கிட்லாப் தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு ஊழியர் களைத்துப்போன நேரத்தில் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாவை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி. தினமும் பின்னணியில் ஓட வேண்டிய பேக்கப் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6 பதிப்பு. ஒவ்வொரு முறையும் கருவி எர்ரர் சொல்லி நின்றிருக்கிறது. எர்ரரைச் சொல்லும் இமெயில்களும் போய்ச் சேராமல் திரும்பியிருக்கின்றன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா திரும்பவில்லை. நடந்ததை நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டதால்தான் இது வெளியே தெரிந்தது.

குரோம்பேட்டையில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் வேலை

லைசென்ஸ் காசை மிச்சப்படுத்தும் யோசனை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. மத்திய அரசு 2005-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து நடத்தியது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' ஓஎஸ்ஸின் முதல் பதிப்பு 2007-ல் வந்தது. 2011-ல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்பில் விண்டோஸோடு இந்த பாஸ் லினக்ஸும் இருந்தது. கட்டளைவரியைக் கற்க அந்த லேப்டாப் ஒன்றே போதுமானதாக இருந்தது.

தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு, 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் வழியாக வந்த நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்', 'எளிய தமிழில் க்னூ லினக்ஸ்' மின்னூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் இவற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, மத்திய அரசு 2015-ல் வெளியிட்ட கொள்கை, டெண்டரில் கட்டற்ற மென்பொருளையும் பரிசீலிக்க வேண்டும், அதை ஒதுக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. அரசுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் புறநகர் நிறுவனங்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது லாபம்.

இன்று ஃப்ரீ, நாளை?

லைசென்ஸ் மாறவும் செய்யும். மாங்கோடிபி 2018 அக்டோபரில் எஸ்எஸ்பிஎல் என்ற கடுமையான லைசென்ஸுக்குப் போனது. அந்த டேட்டாபேஸையே கிளவுட் சேவையாக விற்பவர்கள், சேவையை நடத்தப் பயன்படும் மொத்தக் கோடையும் வெளியிட வேண்டும் என்கிறது அது. ரெடிஸ் 2024 மார்ச்சில் அதேபோல மாற, லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆதரவோடு 'வால்கீ' என்ற கிளை உடனே பிறந்தது. 2025-ல் ரெடிஸ் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற லைசென்ஸையும் சேர்த்துக்கொண்டு பாதி வழி திரும்பி வந்தது. ஏற்கெனவே இறக்கிய பழைய பதிப்புக்குப் பழைய லைசென்ஸே தொடரும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் புதிய பதிப்புக்குப் போக வேண்டும், அங்கேதான் கை கட்டப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-ன்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் ஒரு இலக்கியப் படைப்பு. 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் சிறை இல்லாமல் அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கிராக் செய்த மென்பொருளைப் போட்டுக்கொடுத்தவர் மட்டுமல்ல, தெரிந்தே ஓட்டும் கடைக்காரரும் இதற்குள் வருவார். லைசென்ஸ் வாங்கி, அளவை மீறி ஓட்டும் நிறுவனங்களின் விவகாரம் பெரும்பாலும் ஒப்பந்தத் தகராறாகவே முடியும். தணிக்கை, பாக்கிக் கட்டணம், பேரம் என்று போகும்.

கடைக்காரர் செய்ய வேண்டியது என்ன?

விண்டோஸில் 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து எந்த டேட்டாபேஸ் ஓடுகிறது என்று ஒரு முறை பார்க்கலாம், அல்லது மென்பொருள் போட்டவரிடமே எழுத்தில் கேட்டு வாங்கலாம்: எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, அளவு வரம்பு எவ்வளவு, பேக்கப்பை எது ஓட்டுகிறது, கோப்பு எங்கே விழுகிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, பேக்கப் அதே மேசைக்கு அடியில் அதே கம்ப்யூட்டரில் இருக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேக்கப் கோப்பு இருக்கிறது என்பதும் அது வேலை செய்யும் என்பதும் வேறு வேறு. மாதம் ஒரு முறையாவது வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய கடைசி பில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்றால் அந்த இரண்டாவது கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் கவலை இல்லை. ஆரக்கிள் என்டர்பிரைஸ் என்றால் அங்கேயும் கணக்கு உண்டு. பேக்கப்பைச் சோதிக்க, லைசென்ஸ் இல்லாத கம்ப்யூட்டரில் ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் இரண்டு நாள் ஏற்றிப் பார்க்க அந்த நிறுவனத்தின் விதி அனுமதிக்கிறது. மூன்றாவது நாள் காலையில் அந்தச் சோதனை சர்வரை நிறுத்தி நீக்க வேண்டும் என்பதை காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.